சிறுபிள்ளைக்குப் பாடம் எடுப்பவர் யார்?

2021 நவம்பர் மாதத் தொடக்கத்தில், என்சிஇஆர்டி எனப்படும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகத்தின் இணையதளத்திலிருந்து ஒரு கையேடு மறைந்துபோயிற்று. பள்ளிக் கல்வியில் திருநர் குழந்தைகளை உள்ளடக்குவது குறித்து ஆசிரியர்களுக்கென எழுதப்பட்ட பயிற்சிக் கையேடு அது. வெளிவந்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. புகார் ஒன்று போயிற்று, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடமிருந்து கடிதம் ஒன்று வந்தது, கையேடு அகற்றப்பட்டது. அதை ஆக்கிய வல்லுநர்களை அழைத்து விளக்கம் கேட்கும் அளவுக்குக்கூட ஒன்றிய அரசின் கல்வி நிறுவனத்துக்குப் பொறுமை இருக்கவில்லை.

அந்தக் கையேடு பரிந்துரைத்தவை என்ன? எல்லாக் குழந்தைகளும் அச்சமின்றிச் செல்லத்தக்க கழிப்பறை. ஆண், பெண் எனப் பிரிக்காத சீருடை. கேலியையும் வன்முறையையும் தடுக்கத் தெரிந்த ஆசிரியர். இவற்றுக்கு எதிராக ஆணையம் எழுப்பிய வாதம், இந்நாட்டின் பிற்போக்குச் சிந்தனை அனைத்தையும் ஒரே வரியில் அடக்கிவிடுகிறது: வீட்டில் ஒரு சூழல், பள்ளியில் அதற்கு முரணான மற்றொரு சூழல் என்று இருந்தால் குழந்தையின் உள்ளம் காயப்படுமாம்.

இவ்வாதத்தைச் சற்று நீட்டிப் பார்க்க வேண்டும். சாதி பார்க்கும் வீட்டிலிருந்து வரும் குழந்தை, பள்ளியில் எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து மதிய உணவு உண்கிறது. வீட்டில் ஒன்று, பள்ளியில் அதற்கு நேர்மாறான ஒன்று. அந்த முரண் குழந்தைக்குத் தீங்கு என்று எந்த ஆணையமும் பந்தியைப் பிரித்துப் போடச் சொல்லுமா? தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, கோடிக்கணக்கான வீடுகளின் வழக்கத்துக்கு முரணாகத்தான் எழுதப்பட்டது. வீட்டில் உள்ளதையே திரும்பக் காட்டும் கண்ணாடியாகப் பள்ளி இருக்குமானால், பள்ளி என்ற ஒன்றே தேவையில்லை.

2021 டிசம்பரில், பாலியல் சிறுபான்மையினர் தொடர்பான வழக்கொன்றை விசாரித்துவந்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கையேடு இவ்வாறு அவசர அவசரமாக நீக்கப்பட்டதைக் கண்டித்தார். நீதிமன்றத்தின் கண்டனம் பதிவாயிற்று. ஆனால், கையேட்டை வீழ்த்திய அந்த வாதம் வீழவில்லை. “குழந்தைகள் ஒன்றும் அறியாதவர்கள், பாலினம் என்ற சொல்லையே அவர்கள் அருகில் கொண்டுபோகாதீர்கள்” என்ற கூக்குரலாக அது இன்றும் உலவுகிறது. அறிவியல் ஆய்வுகளின் முன் அக்கூக்குரல் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்பது அவசியம்.

தொட்டிலிலேயே தொடங்கும் பாடம்

குழந்தைப் பருவத்தில் பாலின அடையாளம் உருவாகும் விதம் குறித்து உளவியலாளர்கள் அறுபது ஆண்டுகளாக விரிவாக ஆராய்ந்துவருகின்றனர். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1966இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். குழந்தை முதலில் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ பெயரிட்டு அழைக்கக் கற்கிறது. பின்னர், இது நாளையும் மாறாது என்று உணர்கிறது. அதன் பின்னரே, உடையும் முடியும் மாறினாலும் இது மாறாது என்று புரிந்துகொள்கிறது. இப்படிநிலைகளின் வயதெல்லை பற்றியும் காரணம் பற்றியும் பிற்கால ஆய்வாளர்கள் கோல்பர்க்கோடு முரண்பட்டுள்ளனர். ஆனால், ஒன்றில் முரண்பாடு இல்லை. இரண்டு, மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தம்மைப் பாலினப் பெயரால் அறிந்துவிடுகின்றனர். ஐந்து, ஆறு வயதில் ‘இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு’ என்ற விதிகளை மிகக் கடுமையாகப் பிடித்துக்கொள்கின்றனர்.

ஆக, மூன்று வயதுக் குழந்தை பாலினம் அறியாத வெற்றுப் பலகை அன்று. அதன்மீது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் யார் என்பதே கேள்வி.

1976இல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் காணொளியை 204 பேருக்குக் காட்டினர். பெட்டியைத் திறந்ததும் பொம்மை துள்ளி எழும் விளையாட்டுப் பொருளைக் கண்டு அக்குழந்தை அழுகிறது. ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அந்த அழுகையில் கோபத்தைக் கண்டனர். பெண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அதே அழுகையில் அச்சத்தைக் கண்டனர். குழந்தை ஒன்றே, அழுகையும் ஒன்றே. மாறியது பார்த்தவர் கண் மட்டுமே.

2000ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், பதினொரு மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம், சாய்தளத்தில் எவ்வளவு செங்குத்தான சரிவைத் தம் குழந்தை தவழ்ந்து இறங்கும் என்று கேட்கப்பட்டது. ஆண் குழந்தைகளின் தாய்மார்கள் கூட்டிச் சொன்னார்கள்; பெண் குழந்தைகளின் தாய்மார்கள் குறைத்துச் சொன்னார்கள். குழந்தைகளைச் சாய்தளத்தில் விட்டுப் பார்த்தபோது இருபாலாரின் திறனிலும் வேறுபாடு இருக்கவில்லை. நடக்கத் தொடங்கும் முன்பே பெண் குழந்தையைச் சுற்றி ஒரு வேலி எழும்பிவிடுகிறது. அதை எழுப்புவது அன்புள்ள தாயின் கைதான் என்பது, இதைத் தனிமனிதக் குற்றமாகச் சுருக்கிவிட முடியாது என்பதற்குச் சான்று.

அந்த வேலியின் விளைச்சல் விரைவிலேயே தெரிந்துவிடுகிறது. 2017இல் அறிவியல் இதழான ‘சயின்ஸ்’ ஓர் ஆய்வை வெளியிட்டது. “மிக மிகப் புத்திசாலி” யார் என்று அமெரிக்கச் சிறார்களிடம் கேட்டபோது, ஐந்து வயதில் ஆண் குழந்தைகள் ஆண்களையும் பெண் குழந்தைகள் பெண்களையும் ஏறத்தாழச் சம அளவில் சுட்டினர். ஆறு வயதில் பெண் குழந்தைகளின் கை தயங்கத் தொடங்கியது. புத்திசாலிகளுக்கானது என்று சொல்லப்பட்ட விளையாட்டிலிருந்து அவர்கள் விலகத் தொடங்கினர். ஒரே ஆண்டில் ஒரு பெண் குழந்தையின் மூளையில் எதுவும் குறைந்துவிடவில்லை. தன்னைக் குறித்து அவளுக்குச் சொல்லப்பட்டதை அவள் நம்பத் தொடங்கினாள், அவ்வளவே.

பாலினப் படிவக் கோட்பாட்டை 1981இல் முன்வைத்த சாண்ட்ரா பெம் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. அவருடைய சிறு மகன் தலையில் முடிப்பின் அணிந்து மழலையர் பள்ளிக்குச் சென்றான். சக மாணவன் ஒருவன், பின் அணிந்தவள் பெண்தான் என்று சாதித்தான். உடலுறுப்பால்தான் ஆண், பெண் என்று இவன் விளக்கினான். இறுதியில் ஆடையைத் தாழ்த்திக் காட்டியும்விட்டான். அதற்கும் மற்றவன் அசையவில்லை. அந்த உறுப்பு எல்லாருக்கும் உண்டு, பின் அணிவது பெண்கள் மட்டுமே என்று பதிலளித்தான். சிரிப்பூட்டும் இந்நிகழ்ச்சி ஆழமான உண்மையைச் சொல்கிறது. பாலினம் உடலில் எழுதப்பட்ட இயற்கை விதி, அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று பழமைவாதிகள் முழங்குகின்றனர். நான்கு வயதுச் சிறுவன் கற்றிருப்பதோ உடலை அன்று, கடைத்தெருவை. முடியும் பின்னும் ஆடையும் வண்ணமுமே அவனுக்குப் பாலினம். இவற்றை இயற்கை படைக்கவில்லை.

இந்திய வீட்டின் பாடத்திட்டம்

இவையெல்லாம் மேலை நாட்டு ஆய்வுகள், இந்தியப் பண்பாட்டுக்குப் பொருந்தா என்ற மறுப்பு உடனே எழும். இந்திய ஆய்வுகள் காட்டும் சித்திரம் இதைவிடக் கொடியது.

மானிடவியலாளர் லீலா துபே, தந்தைவழிச் சமூகத்தில் இந்துப் பெண் குழந்தைகள் எவ்வாறு ‘பெண்ணாக’ வார்க்கப்படுகிறார்கள் என்பதை 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விவரித்தார். எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு உரக்கச் சிரிக்கலாம், யார் உண்ட பின் உண்ண வேண்டும், எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பவை பாட்டாகவும் சடங்காகவும் பழமொழியாகவும் பெண் குழந்தையின் காதில் ஓதப்படுகின்றன. பிறந்த வீடு அவளுக்குத் தங்குமிடம் மட்டுமே என்பது அவள் கற்கும் முதல் பாடங்களுள் ஒன்று.

பாட்டுக்கும் சடங்குக்கும் முன்பே, தாய்ப்பாலிலேயே பங்கீடு தொடங்கிவிடுகிறது. சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியெம்கோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் தேசியக் குடும்ப நல ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியாவில் பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகளைவிடக் குறைந்த காலமே தாய்ப்பால் கிடைக்கிறது என்று அது காட்டியது. அடுத்ததாவது ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற நெருக்கடியில் அடுத்த கருவுறுதலுக்காகப் பால் சீக்கிரமே நிறுத்தப்படுகிறது. மகளுக்கு இழைக்கப்படும் அநீதியை மகளும் அறியாள். பல வேளைகளில் தாயும் அறியாள்.

இதை மறுக்க விரும்புவோர், மோடி அரசே வெளியிட்ட 2017-18ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையைப் புரட்டிப் பார்க்கலாம். மகன் பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே போகும் வழக்கத்தால் இந்நாட்டில் 2.1 கோடிப் பெண்கள் ‘வேண்டாத’ பிள்ளைகளாகப் பிறந்துள்ளனர் என்று மதிப்பிட்டது அந்த அறிக்கை. மக்கள்தொகையிலிருந்து ‘காணாமற்போன’ பெண்கள் 6.3 கோடி என்றும் அது கணக்கிட்டது. 0-6 வயதில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2011இல் 919ஆகச் சரிந்தது. வீட்டுச் சூழலுக்கு முரணாகப் பள்ளி எதையும் சொல்லக்கூடாது என்கிறவர்கள், எந்த வீட்டைப் பாதுகாக்கிறார்கள் என்பதை இவ்வெண்கள் அம்பலப்படுத்துகின்றன.

குழந்தைகளைப் பாலினக் கருத்துகளிலிருந்து காப்பதாகச் சொல்லிக்கொள்பவர்கள், உண்மையில் குழந்தையைச் சும்மா விடுகிறார்களா? 2023 மார்ச் மாதத்தில், ராஷ்ட்ர சேவிகா சமிதியைச் சார்ந்த சம்வர்த்தினி நியாஸ் என்னும் அமைப்பு, தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவர்களைத் திரட்டிப் பயிலரங்கு நடத்தியது. பொருள்: ‘கர்ப்ப சன்ஸ்கார்’. கருவிலிருக்கும் சிசுவுக்கே பண்பாட்டைப் போதிப்பதாம். ஆறு வயதுக் குழந்தையிடம் “ஆணும் சமைக்கலாம்” என்று சொல்வது பிஞ்சு மனத்தைக் கெடுக்கும் செயல். கருவறைக்குள்ளேயே போய்ப் பாடம் நடத்துவது மட்டும் பண்பாடு! இவர்களுடைய எதிர்ப்பு குழந்தைக்குச் சொல்லித்தருவதன்மீது அன்று. குழந்தைக்குச் சமத்துவத்தைச் சொல்லித்தருவதன்மீது.

இயற்கை என்னும் கேடயம்

பிற்போக்காளர்கள் தம் கையிலிருக்கும் வலுவான ஆயுதமாகக் கருதுவது ஒரு கனடியச் சிறுவனின் வரலாறு. நேர்மையான விவாதம் அதைத் தவிர்க்கக்கூடாது. 1960களில், அறுவைத் தவறு ஒன்றால் ஆணுறுப்பை இழந்த ஆண் குழந்தையைப் பெண்ணாக வளர்க்குமாறு உளவியலாளர் ஜான் மணி பெற்றோருக்கு அறிவுரை கூறினார். வளர்ப்பே பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதனைச் சான்றாக 1970களில் உலகெங்கும் பரப்பினார். உண்மையில் அக்குழந்தை தன்மீது திணிக்கப்பட்ட அடையாளத்தை ஒருபோதும் ஏற்கவில்லை. பதின்ம வயதில் உண்மை அறிந்ததும் ஆணாக வாழத் தொடங்கியது. 1997இல் மில்டன் டயமண்ட், கீத் சிக்மண்ட்சன் ஆகியோரின் ஆய்வுக் கட்டுரை இதனை வெளிப்படுத்தியபோது, மணியின் கோட்பாடு தகர்ந்தது.

“பார்த்தீர்களா, இயற்கையை மாற்ற முடியாது” என்று பழமைவாதிகள் கொக்கரிக்கின்றனர். ஆனால், அந்த வரலாறு சொல்வது என்ன? பெற்றோர், மருத்துவர், ஆடை, பெயர், பள்ளி எனச் சமூகத்தின் அத்தனை கருவிகளும் ஒன்றுதிரண்டு ஓர் அடையாளத்தைத் திணித்தபோதும், தான் யார் என்ற குழந்தையின் உள்ளுணர்வை அவற்றால் அழிக்க இயலவில்லை. திருநர் குழந்தைகளும் அவர்களுடைய அமைப்புகளும் கூறுவது இதையேதான். உறுப்பைப் பார்த்து ஒட்டப்பட்ட பெயரைக் குழந்தையின் உள்ளம் ஏற்காதபோது, அடித்தும் அவமானப்படுத்தியும் அதை ஏற்கவைக்க முடியாது. பழமைவாதிகள் உருவிய வாள் அவர்களையே வெட்டுகிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். தான் ஆண், தான் பெண், அல்லது இரண்டும் அல்லாத ஒருவர் என்ற உள்ளுணர்வு வேறு. ஆண் என்றால் ஆள வேண்டும், பெண் என்றால் அடங்க வேண்டும் என்ற சமூக விதி வேறு. முன்னதன் தோற்றத்தில் உடலுக்கும் வளர்ப்புக்கும் உள்ள பங்கை அறிவியல் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. பின்னது முழுக்க முழுக்க வரலாற்றின் விளைபொருள். தனிச்சொத்தும் வாரிசுரிமையும் தோன்றிய காலத்தோடு பெண்ணின் அடிமைத்தனத்தைப் பிணைத்து 1884இல் எங்கெல்ஸ் விளக்கியது இந்த இரண்டாவதைத்தான். முன்னதை யாரும் திணிக்கவும் கூடாது, பறிக்கவும் கூடாது. பின்னதை உடைக்காமல் விடக்கூடாது. இவ்விரண்டையும் வேண்டுமென்றே குழப்பி, “உங்கள் மகனைப் பெண்ணாக்கப் போகிறார்கள்” என்று பெற்றோரை அச்சுறுத்துவதுதான் பிற்போக்கின் தந்திரம்.

எண்களுக்குள் மறைந்த குழந்தைகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முறையாக ஆண், பெண் என்பதோடு ‘மற்றவர்’ என்ற பிரிவையும் சேர்த்தது. 4,87,803 பேர் அப்பிரிவில் பதிவாயினர். அவர்களுள் 54,854 பேர் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள். தம் குழந்தையை அவ்வாறு பதிவுசெய்ய முன்வந்த பெற்றோர் அத்தனை பேர் இந்நாட்டில் இருந்தனர் என்பதே வியப்புக்குரியது; வெளியில் சொல்ல அஞ்சியவர்கள் இக்கணக்கில் இல்லை. அப்பிரிவினரின் எழுத்தறிவு 56 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 73 விழுக்காடு. பள்ளி வாயிலில் இருந்து விரட்டப்பட்டவர்களின் கதையை இந்த இடைவெளி சொல்கிறது. வகுப்பறையில் கேலி, கழிப்பறையில் வன்முறை, வீட்டில் அடி, பின்னர் தெரு என்ற பாதையில் எத்தனை பேர் தள்ளப்பட்டார்கள் என்பதற்குத் தனியே சான்று தேவையில்லை.

இக்குழந்தைகளின் உணர்வு வெறும் குழப்பம், வளர்ந்தால் தெளியும் என்பது அடுத்த வாதம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா ஓல்சன் தொடங்கிய நீண்டகால ஆய்வு இதனைச் சோதித்தது. பெற்றோரின் ஆதரவோடு தம் உணர்வுக்கேற்ற பாலினத்தில் வாழத் தொடங்கிய 317 திருநர் குழந்தைகள் அதில் பங்கேற்றனர். 2019இல் வெளியான முடிவுகளின்படி, விருப்பங்களிலும் தம்மைக் குறித்த உணர்விலும் அவர்கள் அதே பாலினத்தைச் சேர்ந்த பிற குழந்தைகளைப் போலவே இருந்தனர். 2022இல் வெளியான அடுத்த கட்ட முடிவு, சராசரியாக ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் அவர்களுள் 94 விழுக்காட்டினர் அதே அடையாளத்தில் நிலைத்திருந்தனர் என்று காட்டியது. அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த, குடும்ப ஆதரவு பெற்ற குழந்தைகளைப் பற்றியது இவ்வாய்வு; எல்லாக் குழந்தைகளுக்கும் இதனை அப்படியே பொருத்துவது சரியன்று. ஆனால், “எல்லாம் குழப்பம்” என்ற பொத்தாம்பொதுவான தீர்ப்பை இது மறுக்கிறது.

சிறாருக்குப் பருவமடைவதைத் தள்ளிப்போடும் மருந்துகள் கொடுப்பது பற்றி மருத்துவ உலகில் கடும் விவாதம் நடந்துவருவது உண்மை. பிரிட்டனில் ஹிலாரி காஸ் தலைமையிலான மதிப்பாய்வு, அதற்கான சான்றுகள் வலுவற்றவை என்று 2024 ஏப்ரலில் கூறியது. அந்த விவாதத்தை மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சான்றுகளைக் கொண்டு நடத்த வேண்டும். ஆனால், பருவமடைதலை நெருங்காத சிறு குழந்தையைப் பொறுத்தவரை மருந்துக்கே இடமில்லை. அக்குழந்தை கேட்பது, விரும்பிய பெயரில் அழைக்கப்படுவதையும் அச்சமின்றிக் கழிப்பறைக்குப் போவதையும்தான். மருந்து பற்றிய விவாதத்தைக் காட்டிக் கழிப்பறையைப் பூட்டுவது நேர்மையான செயல் ஆகாது.

குழந்தையின் உடலைக் காப்பதில் உண்மையான அக்கறை இருந்தால், செய்யவேண்டியது வேறு. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பால் குழந்தைகளுக்கு ‘ஆண்’ அல்லது ‘பெண்’ ஆக்கும் அறுவைகள் செய்வதைத் தடுக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, அத்தகைய அறுவைகளுக்குத் தடை விதித்தது. குழந்தையின் சம்மதமின்றி அதன் உடலை வெட்டித் திருத்துவதை எதிர்த்து, “குழந்தைகளைக் காப்போம்” என முழங்கும் கூட்டம் நாடு தழுவிய இயக்கம் எதையும் நடத்தியதில்லை. இரண்டே பெட்டிகள் என்ற தம் கோட்பாட்டைக் காப்பதே அவர்கள் கவலை.

அங்கன்வாடியின் வாசலில்

உழைக்கும் மக்கள் இயக்கத்துக்குள்ளும் ஒரு முணுமுணுப்பு உண்டு. “விலைவாசி, வேலையின்மை, கூலி என்று ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, பாலின அடையாளம் படித்த நடுத்தர வர்க்கத்தின் பேச்சு” என்பது அது. இந்தக் கருத்துக்கு விடை, நாட்டிலுள்ள ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகளின் வாசலில் இருக்கிறது.

தேசியக் கல்விக் கொள்கை 2020, மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்று கூறுகிறது. நாட்டின் எதிர்காலமே அங்கன்வாடியில்தான் என்று அமைச்சர்கள் பேசுகின்றனர். 2023இல் ‘போஷன் பி, படாய் பி’ என்ற பெயரில் முன்பருவக் கல்வியின் முழுப் பொறுப்பும் அங்கன்வாடி ஊழியரின் தோளில் ஏற்றப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். குழந்தையின் ஊட்டச்சத்துக்கென 2017இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை நாளொன்றுக்கு எட்டு ரூபாய். பணிக்கொடைக்கு அவர்கள் உரியவர்களே என்று சொல்வதற்குக்கூட 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தேவைப்பட்டது.

அவர் ஏன் ‘தொழிலாளர்’ ஆக்கப்படவில்லை? குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் சோறூட்டுவதும் பெண்ணுக்கு இயல்பாக வருவன, அவை வேலையல்ல, சேவை என்ற கருத்தே காரணம். மூன்று வயதில் சிறுமியின் கையில் பொம்மைச் சட்டியையும் சிறுவனின் கையில் பொம்மைக் காரையும் கொடுக்கும் அதே கருத்துதான், முப்பது ஆண்டுகளுக்குப் பின் அரசின் ஆணையில் 4,500 ரூபாயாக வந்து நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் உழைக்கின்றனர். ஈடுபடும் ஆண்களோ 97 நிமிடம். அதிலும் பெண்களில் 81 விழுக்காட்டினர் இவ்வேலைகளைச் செய்ய, ஆண்களில் செய்பவர்கள் 26 விழுக்காட்டினரே. இந்த ஏற்றத்தாழ்வின் முதல் பயிற்சிக் களம் மழலைப் பருவம். மூலதனத்துக்கு மலிவான உழைப்பும் இலவசமான வீட்டு உழைப்பும் வேண்டும். அதைக் கேள்வி கேட்காத பெண்ணும், அதைத் தன் உரிமையென்று கருதும் ஆணும் வேண்டும். அவர்கள் உருவாக்கப்படுவது எங்கே என்று கேட்பது வர்க்கக் கேள்வியன்றி வேறென்ன? குழந்தைக் காப்பகங்களையும் பொது உணவகங்களையும் கம்யூனிசத்தின் முளைகள் என்று 1919இல் லெனின் கணித்ததை இந்த முணுமுணுப்பாளர்கள் மீண்டும் படிப்பது நல்லது. இயக்கக் கூட்டங்களில் சமத்துவம் பேசிவிட்டு, வீட்டில் உண்ட தட்டைக் கழுவாமல் எழுந்திருக்கும் தோழர்களின் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர்.

மாற்ற முடியுமா?

முடியும் என்பதற்கு இந்திய மண்ணிலேயே சான்று உண்டு. குழந்தைப் பாலின விகிதத்தில் மிகவும் பின்தங்கிய மாநிலங்களுள் ஒன்றான அரியானாவின் 314 அரசுப் பள்ளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. அவற்றுள் ஒரு பகுதிப் பள்ளிகளில், ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களோடு இரண்டரை ஆண்டுகள் பாலின சமத்துவம் பற்றி உரையாடினர். அந்தப் பள்ளிகளின் மாணவர்களது கருத்துகள் மற்றப் பள்ளி மாணவர்களின் கருத்துகளைவிடச் சமத்துவத்தை நோக்கி நகர்ந்தன. திட்டம் முடிந்து இரண்டாண்டுகள் கழித்தும் அந்த மாற்றம் நிலைத்தது. தியுவ தார், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் ஆகியோரின் இந்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் ஊறிய கருத்தையே வகுப்பறை அசைக்க முடியுமானால், அது ஊறத் தொடங்கும் மூன்று வயதில் அங்கன்வாடி எவ்வளவு செய்ய முடியும்! குழந்தைகளோடு பேசக்கூடாது என்கிறவர்கள் அஞ்சுவது தோல்விக்கு அன்று, வெற்றிக்கு.

சட்டம் இல்லாத குறையும் இல்லை. திருநர் தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் இடஒதுக்கீடு வழங்க வழிசெய்யுமாறு அரசுகளைப் பணித்தது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் சட்டத்தின் 13ஆவது பிரிவு, அரசு நிதி பெறும், அரசு அங்கீகாரம் பெறும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் பாகுபாடற்ற உள்ளடக்கிய கல்வியை வழங்க வேண்டும் என்கிறது. தேசியக் கல்விக் கொள்கையே பெண் குழந்தைகளுக்கும் திருநர் மாணவர்களுக்குமெனப் பாலின உள்ளடக்க நிதியம் ஒன்றை அறிவித்தது. சட்டப் புத்தகத்தில் உள்ளடக்கம், இணையதளத்தில் நீக்கம்: ஒன்றிய அரசின் இரட்டை நாக்கு இதுதான்.

ஆகவே, கோரிக்கைகள் தெளிவானவை. நீக்கப்பட்ட கையேட்டை ஆக்கிய வல்லுநர்களும் திருநர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து செம்மைப்படுத்திய நூல், எல்லா மாநில மொழிகளிலும் வெளிவர வேண்டும். பாலின வார்ப்புகளை உடைக்கும் பாடமும் பயிற்சியும் முன்பருவக் கல்வியிலேயே தொடங்க வேண்டும். அங்கன்வாடி ஊழியரும் உதவியாளரும் அரசு ஊழியராக அறிவிக்கப்பட்டு, முறையான ஊதியமும் ஓய்வூதியமும் பெற வேண்டும். பயிற்சிக் காலம் பணிக்காலமாகக் கருதப்பட வேண்டும். ஆண்களும் இப்பணிக்கு நியமிக்கப்பட வேண்டும். சோறூட்டும் ஆணின் கையையும் குழந்தை காணட்டும். இடைப்பால் குழந்தைகள்மீதான தேவையற்ற அறுவைகள் நாடு முழுவதும் தடை செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் எந்தக் குழந்தையும் அஞ்சாமல் செல்லத்தக்க கழிப்பறை இருக்க வேண்டும்.

குழந்தைக்குப் பாலினப் பாடம் எடுக்கலாமா, கூடாதா என்பது போலிக் கேள்வி. பாடம் தொட்டிலிலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. சாதியும் சொத்தும் சந்தையும் அதன் ஆசிரியர்களாக இருக்கின்றன. அவர்களுடைய வகுப்பறைக்குள் மக்கள் இயக்கமும் சமத்துவத்தின் பாடநூலோடு நுழைவதா, வாசலிலேயே நின்று விடுவதா என்பதே இன்று முடிவு செய்யப்பட வேண்டியது.